தோளும் கட்டையும்: நாஞ்சில் நாட்டுப் போர் வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

நம் நாட்டுச் சரித்திரத்தைப் பேசப் புகுவோர் பலர், போரில் வென்றாரை வீரக்குலத்தார் என்றும் தோற்றாரை வீரமிலார் என்றும் வகுத்துரைத்து, அவ்வளவில் அமைதியுறுவர். வீரம் என்பது குருதியில் ஊறி வழிவழி வருவது என்னும் எண்ணம் நம்மவரிடத்தும் ஆழ வேரூன்றியுள்ளது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்களில் முன்னோர் வாளேந்திய பெருமை பேசப்படாத ஆண்டு அரிது. அப்பெருமையைக் குறைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், வீரம் என்றும் கோழைமை என்றும் நாம் பெயரிட்டு வழங்குவனவற்றுள் ஒரு பகுதி, பிறப்பைச் சார்ந்ததன்று. ஒரு மரக்கட்டையின் நீளத்தையும் வளைவையும் சார்ந்தது. இதனை விளக்குதலே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றிய வகையை முதற்கண் கூறுகின்றேன். யான் கல்லூரியிற் பயின்ற காலத்தில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்திருந்தேன். என் அணியில் குள்ளமான மாணவன் ஒருவன் இருந்தான். முதன்முறை 303 ரைபிளைக் கையிலேந்திச் சுட்டபோது அதன் கட்டை அவன் தோளிற் பதியாது புயத்தின்மேற் பதிந்தது. ஒரே வெடியில் தசை கன்றிச் சிவந்தது. இரண்டாம் முறை விசையை இழுக்குமுன்னரே அவன் கண்ணை மூடிக்கொண்டான். குண்டு மணல்மேட்டில் எங்கோ சென்று புதைந்தது. பயிற்றுவித்தவர் நகைத்து, "உன் குலத்தார்க்குத் தராசு பிடிக்கத்தான் வரும், துப்பாக்கி வராது" என்றார். அவன் தலைகவிழ்ந்து நின்றான். அருகிருந்த முதிய போர்வீரர் ஒருவர் யாதும் பேசாது, கட்டையின்மேல் 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த வேறொரு ரைபிளைக் கொணர்ந்து, அவன் தோட்குழியில் தாமே பொருத்தி வைத்து, "இப்போது சுடு, தம்பி" என்றார். ஐந்து குண்டுகளில் நான்கு இலக்கிற் பட்டன. அவ்வெழுத்தின் பொருள் யாது என்பதை யான் அறிந்தது பல்லாண்டுகள் கழிந்த பின்னரே. அதனைப் பின்னர் உரைப்பேன்.

நிற்க. துப்பாக்கியைப் பற்றி நாஞ்சில் நாட்டார் பேசுங்கால் குளச்சலினின்றே தொடங்குதல் முறையாகும். 1741-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள், கொல்லம் 916-ஆம் ஆண்டு ஆடித் திங்களில், மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் படை குளச்சற் கரையில் ஒல்லாந்தரை முறியடித்தது. சிறைப்பட்டாருள் யூஸ்டேக்கியுஸ் டிலனாய் என்பவர் தலைமையானவர். மகாராஜா அவரைக் கொல்லாது, தம் படைக்குப் பயிற்சி ஆசிரியராக்கினார். நாளடைவில் 'வலிய கப்பித்தான்' என்னும் பெயரோடு அவர் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் அணிவகுத்துப் பழக்கினார். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் வலுப்பெற்றது. பீரங்கி வார்க்கும் உலைக்களமும் அங்கே நடைபெற்றது. 1777-இல் அவர் அங்கேயே மாண்டார். இலத்தீனும் தமிழும் பொறித்த அவர் கல்லறையை இன்றும் அக்கோட்டையுள் காணலாம்.

குளச்சலில் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய பொருள்களுள் 389 துப்பாக்கிகள் இருந்தன என்று சரித்திர நூல்கள் கூறும். கைப்பற்றிய கருவி இத்தனை என்று எண்ணிய ஆசிரியர்கள், அக்கருவி எவ்வகையான உடலுக்கென்று செய்யப்பட்டது என்பதை எண்ணினாரிலர். நாம் இங்கு ஆராய்வது அதுவே.

ஐரோப்பியத் துப்பாக்கி வருமுன்னர் இந்நாட்டில் துப்பாக்கி இல்லாமலில்லை. துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியினின்று வந்தது என்பர். பண்டைய திரித்துப்பாக்கியில், கனன்றெரியும் திரியொன்று விசையை இழுத்தவுடன் தாழ்ந்து மருந்திற் படும், குழல் வெடிக்கும். இந்நாட்டுத் திரித்துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றின் கட்டை ஒடுங்கி மெலிந்து ஏறக்குறைய நேராகச் செல்லும். ஐரோப்பியத் துப்பாக்கிக்குள்ளதுபோல் தோளில் அகன்று பதியும் அடிப்பாகம் அதற்கு இல்லை. குழலோ நீண்டு கனத்திருக்கும். அக்கனமே உதையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். இலங்கையில் கண்டியார் செய்த துப்பாக்கிகளின் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். 1543-இல் போர்ச்சுகீசியர் வழியாகத் துப்பாக்கியைப் பெற்ற ஜப்பானியரோ கட்டையைத் தோளில் ஊன்றாது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தே சுட்டனர். ஆகவே, துப்பாக்கியைத் தோளிலூன்றிச் சுடுதல் என்பது இயற்கையாக எல்லா மக்களுக்கும் வருவதன்று. பயின்று பெறும் பழக்கமாகும்.

இனி, உதை எங்ஙனம் பிறக்கின்றது என்பதைச் சிறிது நோக்குவோம். குழலினின்று குண்டு முன்னோக்கிச் செல்லுமாயின் துப்பாக்கி பின்னோக்கி வந்தே தீரும். படகினின்று கரைக்குத் தாவுகின்றவன் படகைப் பின்தள்ளுதல் போன்றது இது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியார் தம் சிப்பாய்களுக்கு அளித்த சக்கிமுக்கித் துப்பாக்கியின் குண்டு, ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பதினான்கு என்னும் அளவினது. ஒன்றின் எடை சுமார் 32 கிராம், அஃதாவது ஒரு பலத்துக்குச் சற்றே குறைவு. அது நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வெளிப்படுவதாகவும், துப்பாக்கியின் எடை 4½ கிலோ என்றும் கொள்வோம். குண்டினால் மட்டுமே துப்பாக்கி நொடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு பின்வரும். வெடிமருந்தின் புகையும் அனலும் பாய்வதனால் உண்டாகும் உந்தலையும் கூட்டினால் அவ்வேகம் 3 மீட்டரை நெருங்கும். ஒரு முழ உயரத்தினின்று நழுவவிட்ட பொருள் தரையைத் தொடுங்கால் பெறும் வேகமும் இதுவே. எனவே, ஒவ்வொரு வெடிக்கும் நாலரைக் கிலோ எடையுள்ள கருவி ஒரு முழ உயரத்தினின்று தோளின்மேல் விழுகின்றது என்று கருதிக்கொள்ளலாம்.

இது கணக்கிலடங்கும் உதை. ஒரே துப்பாக்கியில் ஒரே மருந்திட்டு நூறு பேர் சுட்டால் நூற்றுவர்க்கும் இவ்வுதை ஒன்றே. ஆனால் அவர்கள் உணரும் உதை ஒன்றன்று. ஒருவன் சிரித்துக்கொண்டே நிற்பான். மற்றொருவன் கன்னம் வீங்கிப் போவான். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கட்டையின் அமைப்பும், அது அவனவன் உடலோடு பொருந்தும் வகையுமே.

முதலாவது, நீளம். விசைக்கும் கட்டையின் அடிக்கும் இடைப்பட்ட தூரம், சுடுகின்றவன் கைக்கு இசைந்திருத்தல் வேண்டும். அத்தூரம் மிகுந்தால் கட்டை தோட்குழியை எட்டாது. புயத்தின் எலும்பிலும் தசையிலும் ஊன்றும். அது குறைந்தால், விசையிழுக்கும் கையின் பெருவிரல் முகத்துக்கு மிக அணித்தாகி, உதையின்போது மூக்கிற் படும். நம் வயல்களில் மண்வெட்டிக்குக் கணை போடுகின்றவர், அதனைப் பிடிப்பவனது உயரம் பார்த்தே கணையை வெட்டுகின்றார். நெட்டையனது மண்வெட்டியால் குள்ளன் ஒருநாள் முழுதும் வரப்பு வெட்டினால் அவன் இடுப்பு என்னாகும் என்பது உழவர் யாவர்க்கும் தெரியும். துப்பாக்கிக்கும் நியாயம் அதுவே.

இரண்டாவது, தாழ்வு. குழலின் நேர்கோட்டுக்குக் கட்டையின் அடி எவ்வளவு கீழே தாழ்ந்துள்ளது என்பதே தாழ்வு. உதை குழலின் நேர்கோட்டில் வருகின்றது. அதனைத் தடுக்கும் தோளோ அக்கோட்டுக்குக் கீழே இருக்கின்றது. இவ்விரண்டும் ஒரு நேரில் அமையாமையால் துப்பாக்கி நேரே பின்வராது, மேல்நோக்கிச் சுழலும். குழலின் வாய் வானை நோக்கி எழும். கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். தாழ்வு மிகுந்தோறும் இவ்வறையும் மிகும். தாழ்வு குறைந்து கட்டை நேராக அமையின், உதை நேரே தோளுக்குச் செல்லும், கன்னம் தப்பும். இக்காரணம்பற்றியே இக்காலத்து ரைபிள்கள் பலவற்றில் கட்டையைக் குழலுக்கு ஏறக்குறைய நேராக வைத்து, குறிபார்க்கும் உறுப்பை உயர்த்தி அமைக்கின்றனர்.

மூன்றாவது, அடியின் பரப்பு. ஐந்து சென்டிமீட்டர் அகலமும் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமும் உள்ள அடி முழுதும் தோளிற் பதிந்தால், உதை அறுபது சதுர சென்டிமீட்டரிற் பரவும். அடி சாய்ந்து, அதன் கீழ்முனை மட்டும் பதினைந்து சதுர சென்டிமீட்டரிற் பதிந்தால், அவ்விடத்து அழுத்தம் நான்கு மடங்காகும். அகன்ற நுகம் காளையின் கழுத்தில் தழும்பு உண்டாக்காது. ஒடுங்கிய நுகம் புண்ணாக்கும். அமெரிக்க நாட்டு வேட்டைக்காரர் ஒருகாலத்திற் கையாண்ட பிறைவடிவான பித்தளை அடித்தட்டு, குறைந்த மருந்துக்குத் தீங்கு செய்யாதாயினும், மருந்து மிகுந்தபோது பிறையின் இரு கொம்புகளும் தோளிற் குத்தின.

நான்காவது, பக்கச்சாய்வு. வலத்தோளிற் சுடுகின்றவனுக்குக் கட்டை வலப்புறமாகச் சிறிது ஒதுங்கியிருப்பின் அவன் கழுத்தை வளையாமலே கண் குழலின் நேர்க்கு வரும். மார்பகன்றவனுக்கு இவ்வொதுக்கம் மிகுதியும் வேண்டும். ஒடுங்கியவனுக்குச் சிறிதே போதும். இடக்கையாளனுக்கோ இது முற்றும் மாறி அமைதல் வேண்டும்.

இந்நான்கும் கட்டையின் இயல்புகள். ஐந்தாவது ஒன்று பிடிப்பவனைச் சார்ந்தது. அஞ்சுகின்றவன் கட்டையைத் தோளுக்குச் சற்றே எட்ட வைத்துக்கொள்வான். எட்ட இருந்தால் அடி குறையும் என்பது அவன் எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு விரற்கடை இடைவெளியிருப்பினும் துப்பாக்கி தடையின்றி முழு வேகம் பெற்று, அதன் பின்னரே சம்மட்டிபோல் வந்து தோளைத் தாக்கும். காறையெலும்புக்குக் கீழுள்ள தோட்குழியில் இறுகப் பொருத்தி, உடலைச் சிறிது முன்சாய்த்து நின்றால், துப்பாக்கியும் உடலும் ஒன்றாகி, உடலின் எடையும் அவ்வுதையைப் பங்கிட்டுக்கொள்ளும். அப்போது அடி தள்ளலாக மாறும். அச்சத்தால் விலகுகின்றவனே மிகுதியும் அடிபடுகின்றான். அடிபட்டவன் மேலும் அஞ்சுகின்றான். அடுத்த வெடிக்கு முன்னரே கண்ணை மூடித் தோளைக் குலுக்குகின்றான். குண்டு இலக்கைத் தப்புகின்றது. காண்போர் இதனைக் கோழைமை என்று எழுதிவைக்கின்றனர். இதன் தொடக்கமோ பொருந்தாத ஒரு கட்டை.

டிலனாய் போன்றார் புகுத்திய ஐரோப்பியப் பயிற்சியின் பயனை இவ்வழியே நோக்குதல் வேண்டும். அணிவகுத்து நிற்றலும் ஆணைக்கு ஒருங்கே சுடுதலும் அப்பயிற்சியில் வெளிப்படையாகத் தெரியும் பகுதி. கட்டையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திற் பொருத்தி, அஞ்சாது நிற்கும்படி உடலைப் பழக்குதல் அதன் உட்பகுதி. கருவியை உடலுக்கேற்ப மாற்ற இயலாதபோது உடலைக் கருவிக்கேற்பப் பழக்கினர். அரசாங்கங்கள் ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்த துப்பாக்கியை நெட்டையனுக்கும் குட்டையனுக்கும் வேறுபாடின்றி வழங்கிய காலத்தில் அதற்கு மேல் வழியில்லை.

1809-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டு ஜனவரியில் வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் விளம்பரம் வெளியிட்டுக் கும்பனியாரை எதிர்த்தார். பிப்ரவரி 10-ஆம் நாள் கர்னல் செயிண்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றியது. மேஜர் வெல்ஷ் என்பார் ஒரு பிரிவுடன் இரவிற் செங்குத்தான மலையில் ஏறி, அரணின் பக்கத்தே இறங்கியதே வெற்றிக்கு வழி செய்தது. இச்செய்தியைப் படிக்குந்தோறும் ஆங்கிலேயர் வீரத்தால் வென்றனர், நம்மவர் தோற்றனர் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அரணைத் தாக்கிய கும்பனிப் படையில் சென்னைச் சிப்பாய்களும் மிகப் பலர் இருந்தனர். அரணுக்கு இப்பாலும் அப்பாலும் நின்ற தோள்கள் தென்னாட்டுத் தோள்களே. அவ்வாறாயின், வெற்றியையும் தோல்வியையும் பிறப்பின்மேல் ஏற்றுவது எங்ஙனம் பொருந்தும்?

இச்சென்னைச் சிப்பாயின் வழித்தோன்றல்களைக் குறித்தே, 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் என்பார் வேறு தீர்ப்பு எழுதினார். நெடுங்கால அமைதியினால் தென்னாட்டார் போர்க்குணம் இழந்தனர் என்பது அவர் கருத்து. 1897-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலும் அதனை வரைந்துள்ளார். 'போர்க்குடிகள்' என்று சில வகுப்பாரைப் பிரித்து அவர்களையே படையிற் சேர்க்கும் கொள்கை அக்காலத்தில் வலுப்பெற்றது. சென்னைப் படைப்பிரிவுகள் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டன. எஞ்சிய சென்னை ரெஜிமெண்டும் 1920-களில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோது அதனை மீண்டும் எழுப்பினர். அப்போரில் தென்னாட்டார் நின்ற நிலை, பழைய தீர்ப்பு பிழையென்பதை மெய்ப்பித்தது.

இதில் வியப்பு ஒன்றுண்டு. பிறப்பினால் வீரத்தை அளந்த அதே அரசாங்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் படைக்கு வழங்கிய லீ-என்ஃபீல்டு ரைபிளின் கட்டையைப் பல நீளங்களிற் செய்தது. நடுத்தர அளவின்மேல் எழுத்தில்லை. நீண்ட கட்டைக்கு 'எல்' என்றும், குறுகியதற்கு 'எஸ்' என்றும் பொறித்தனர். ஒன்றுக்கொன்று அரை அங்குலம் வேறுபாடு. அதனினும் குறுகிய 'பி' என்னும் கட்டையும் உண்டு. அஃது 'பாண்டம்' படையினரின் பெயரால் வழங்கியது. இங்கிலாந்தில் ஐந்தடி மூன்றங்குலத்துக்குக் குறைந்தவர் என்று முதலிற் படையினின்று ஒதுக்கப்பட்டோரைத் திரட்டி, முதல் உலகப் போரின்போது அமைத்த படை அது. குள்ளர் போருக்குதவார் என்று கருதிய நாடே, ஆள் வேண்டியபோது, குள்ளர்க்குக் குறுகிய கட்டை போதும் என்பதைக் கண்டுகொண்டது. என் தோழன் ரைபிளில் இருந்த 'எஸ்' என்னும் எழுத்தின் பொருள் இதுவே. அவனுக்குக் குறைந்திருந்தது குலப்பெருமையன்று. மிகுந்திருந்தது அரை அங்குல மரம்.

இன்றைய நிலையையும் சிறிது கூறுதல் வேண்டும். நம் படைக்கு வந்த இன்சாஸ் ரைபிளின் குண்டு சுமார் 4 கிராமே. பழைய கும்பனிக் குண்டில் எட்டில் ஒரு பங்கு. அதன் வேகம் பன்மடங்கு மிகுதியாயினும், கணக்கிட்டால் உதையின் ஆற்றல் பழையதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திருச்சிராப்பள்ளியில் 1966-இல் நிறுவப்பெற்ற படைக்கலத் தொழிற்சாலை துப்பாக்கிகள் செய்வதற்கென்றே அமைந்தது. போட்டிகளிற் சுடுவோர் கையாளும் துப்பாக்கிகளிலோ நீளம், தாழ்வு, சாய்வு யாவற்றையும் திருகாணியால் மாற்றிக்கொள்ளலாம். தேசிய மாணவர் படையில் 1949-இலேயே மாணவியர் பிரிவு தோன்றிற்று. தமிழ்நாட்டுக் காவற்படையில் 1973 முதல் மகளிர் சேர்ந்துள்ளனர். ஆடவர் கைக்கென்று வெட்டிய பழங்கட்டையை ஒரு பெண்ணிடம் கொடுத்து, அவள் தோள் கன்றியதைக் கண்டு, "பெண்களுக்கு இது ஒவ்வாது" என்று கூறுவோர் இன்னும் உளர். அவர்களும் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பையே வேறு சொற்களில் எழுதுகின்றனர்.

அன்பர்களே! உதயகிரிக்குச் செல்லும்போது வலிய கப்பித்தானின் கல்லறையையும் கோட்டை மதிலையும் மட்டும் கண்டு திரும்பாதீர்கள். அத்திடலில் நின்று பழகிய பெயரறியாச் சிப்பாய்களை எண்ணுங்கள். வேற்று நாட்டில் வேற்றுடலுக்கென்று செய்த கருவியைத் தம் தோளிற் பொருத்தி, கன்றிய தசையோடு மறுநாளும் வந்து நின்றவர்கள் அவர்கள். அவர் என்ன குலத்தினர் என்று தோளைத் தாக்கிய கட்டை கேட்கவில்லை. நம் பிள்ளைகளுள் ஒருவன் ஒரு தொழிலில், ஒரு கல்வியில், ஒரு விளையாட்டில் பின்வாங்குவானாயின், "இது நம்மவர்க்கு வராது" என்று நாமும் கூறவேண்டா. பிறர் கூறக் கேட்டிருக்கவும் வேண்டா. அவன் கையிற் கொடுத்த கட்டை அவன் கைக்கு ஏற்றதுதானா என்பதை முதலில் அளந்து பார்ப்போம். அந்த முதியவர் செய்தது அவ்வளவே. கட்டையை மாற்றிக் கொடுத்து, தோளிற் பொருத்தி, "இப்போது சுடு, தம்பி" என்றார்.